பின் டயர் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது? ஒரு கேமன், இரண்டு செட் டயர், ஒரு நோட்டு

"லேய் மக்கா, இந்த டயரைத் தந்தவன் என்னைய நல்லா ஏமாத்திட்டான்" என்று சொல்லிக்கொண்டேதான் அத்தான் காரிலிருந்து இறங்கினார். வலது பின் டயரின் உள்விளிம்பில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கம்பி இன்னும் வெளியே வரவில்லை, ஆனால் அங்கே பட்டன் (தரையில் படுகிற ரப்பர் மேடு) பெயருக்குத்தான் மிச்சம், கிட்டத்தட்ட வழுவழு. அதே டயரின் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் இன்னும் பாதி ஆயுசு பாக்கி. ஓடியது 10,800 கிலோமீட்டர்.

எனக்குக் குழித்துறையில் வீல் அலைன்மென்ட் கடை. களியக்காவிளை பத்து கிலோமீட்டருக்குள்தான் என்பதால் வருகிற வண்டிகளில் பாதி கேரளப் பதிவு. பெரும்பாலும் ஸ்விஃப்ட், இன்னோவா, ரப்பர் ஷீட் ஏற்றும் பிக்கப் என்றுதான் என் நாள் போகும். அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) கப்பலில் வேலை பார்ப்பவர், ஆறு மாதம் கடல், நாலு மாதம் வீடு. அந்த நாலு மாதத்துக்காகவே கொச்சியில் செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே 718 கேமன் வாங்கி வைத்திருக்கிறார். ரெண்டு லிட்டர் டர்போ, 300 குதிரைத் திறன், எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால். முன் டயர் 235/45 ஆர்18, பின் டயர் 265/45 ஆர்18. அக்கா அந்தக் காரில் ஏறமாட்டாள், இடுப்பு வலிக்கிறதாம்.

இந்தக் காரில் நான் இரண்டு செட் டயரின் கதையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் பெயர்பெற்ற கம்பெனி டயர்கள்தான். கம்பெனி பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, ஒரே ஒரு காரை வைத்து ஒரு டயரை நல்லது கெட்டது என்று சொல்வது நியாயமில்லை. முதல் செட் ரோட்டுக்கான உயர்தர ஸ்போர்ட்ஸ் டயர், பக்கச் சுவரில் ட்ரெட்வேர் 300 (தேய்மான எண், எண் கூடினால் ஆயுசு கூடுதல் என்று கணக்கு). இரண்டாவது செட் ரேஸ் டிராக்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கிற ஒட்டும் ரகம், ட்ரெட்வேர் 200.

முதல் செட் விஷயத்துக்கு வருவோம். புதிதாக இருந்தபோது பின் டயரில் பட்டன் ஆழம் 7.5 மில்லிமீட்டர். நான் எந்த டயரையும் மூன்று இடத்தில் அளப்பேன்: உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு. நடுவில் மட்டும் அளந்துவிட்டு "இன்னும் இருக்குண்ணே" என்று அனுப்பிவைக்கிற பழக்கம் நம்ம ஊர்ப் பக்கம் நிறைய உண்டு, இந்த மாதிரி கார்களில் அது ஆபத்து, ஏனென்றால் இவற்றின் பின் சக்கரங்கள் மேல்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்திருக்கும். கேம்பர் என்பது அதுதான். வளைவில் கார் சாயும்போது டயர் முழுப் பரப்பும் தரையில் படுத்துப் பிடிப்பதற்காக அப்படி வைக்கிறார்கள். நேர் ரோட்டில் அதற்கு விலை உள்விளிம்பு கொடுக்கும்.

4,000 கிலோமீட்டரில் வலது பின் டயர்: உள்ளே 5.9, நடு 6.1, வெளியே 6.3. அழகான தேய்மானம். அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு உள்விளிம்பு 0.4 மில்லிமீட்டர் போகிறது. 1.6 மில்லிமீட்டரில் டயருக்குள்ளேயே இருக்கும் அடையாளத் திட்டு சமமாகிவிடும், அதோடு சட்டப்படி டயர் முடிந்தது. இந்த வேகத்தில் போனால் 14,000, 15,000 கிலோமீட்டர் வரும் என்று அத்தானிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இப்போது சண்டைக்கு வந்தது.

10,800இல் அளந்தது: உள்ளே 1.5, நடு 3.7, வெளியே 4.4.

இந்த மூன்று எண்ணையும் பழைய மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நடு ஆயிரத்துக்கு 0.35, முன்பும் அதுதான். வெளி 0.28, முன்பு 0.3. உள்விளிம்பு மட்டும் 0.4இலிருந்து 0.65க்குத் தாவியிருக்கிறது. ரப்பர் மட்ட ரகமாக இருந்தால் மூன்று இடமும் சேர்ந்துதானே போகவேண்டும்? ஒரே ரப்பர், ஒரே டயர், ஒரு ஓரம் மட்டும் எப்படித் தனியாகக் கெட்டுப்போகும்?

"எங்கயாவது குழியில இறக்கினீங்களா அத்தான்?"

கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் "மழையில ஒரு நாள் ராத்திரி... சத்தம் பெருசாதான் கேட்டுச்சு. ஆனா ரிம் வளையலியே" என்றார். ரிம் வளையவில்லை, உண்மை. மெஷினில் ஏற்றியபோது வலது பின் சக்கரம் 0.4 டிகிரி வெளியே திரும்பியிருந்தது. உள்ளே லேசாகத் திரும்பியிருக்க வேண்டிய சக்கரம் அது. டோ-அவுட் என்று மெஷின் சிவப்பில் காட்டியது. கீழே பார்த்தால் சக்கரத்தைக் காரோடு பிடித்திருக்கும் ஒரு ஆர்ம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வளைந்திருந்தது.

0.4 டிகிரி என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கடிகாரத்தின் நிமிஷ முள் ஒரு நிமிஷத்துக்கு 6 டிகிரி நகர்கிறது, அதில் பதினைந்தில் ஒரு பங்கு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் நேராக ஒரு கிலோமீட்டர் போகிறது, இந்தச் சக்கரம் மட்டும் வேறு பக்கம் போக நினைக்கிறது, போகவிடாமல் கார் இழுத்துக்கொண்டு போகிறது. 0.4 டிகிரிக்கு அந்த இழுபடல் கிலோமீட்டருக்கு சுமார் 7 மீட்டர். 6,800 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோமீட்டர். தோராயக் கணக்குதான், கார் கொஞ்சம் குறுக்காகப் போய் அந்தச் சுமையை மற்ற சக்கரங்களோடு பங்கு போட்டுக்கொள்ளும். ஆனாலும் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் ஒரு டயரைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் அந்த வழுவழுப்பு புரியும். அது போதாதென்று சக்கரம் உள்ளே சாய்ந்திருப்பதால் பாரம் முழுக்க அந்த ஓரத்தில்தான்.

அடையாளம் இல்லாமலும் இல்லை. நேர் ரோட்டில் போகும்போது ஸ்டியரிங் வலது பக்கம் ஒரு விரல் அளவு சாய்ந்தே இருந்ததாம். "அது அப்படித்தான் போலன்னு நெனச்சேன்" என்றார். பிரேக் அழுத்தினால் பின்பக்கம் லேசாக ஆடியதாம், அதை "ஸ்போர்ட்ஸ் கார்னா கொஞ்சம் துள்ளும்" என்று எடுத்துக்கொண்டாராம். காரைப் பற்றி நல்லெண்ணம் அதிகமானால் இப்படித்தான். இதே ஆட்டம் ஒரு ஆல்டோவில் இருந்திருந்தால் அன்றைக்கே கடைக்கு வந்திருப்பார்.

ஆக முதல் செட் விஷயத்தில் விற்றவர் மேல் குற்றமில்லை, டயர் மேலும் இல்லை. அந்தக் குழி ஒன்று ஏறக்குறைய 4,000 கிலோமீட்டரைச் சாப்பிட்டுவிட்டது.

அந்த 300, 200 என்ற எண்ணைப் பற்றி

அத்தான் இரண்டாவது செட்டுக்கு 200 எண் உள்ள டயரைத் தேர்ந்தெடுத்ததே ஒரு கணக்கோடுதான். "300 எண் 10,000 ஓடிச்சு. அப்ப 200 எண் ஆறு ஏழாயிரம் ஓடும். கிரிப் அதிகம். போதும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அந்த எண் அமெரிக்க அரசு விதிப்படி வருவது. டெக்சாஸ் மாநிலத்தில் சுமார் 640 கிலோமீட்டர் சுற்று ஒன்று உண்டு, சாதாரணப் பொது ரோடு. சோதனை டயரையும் ஒரு பொது அளவுகோல் டயரையும் ஒரே கூட்டமாக ஓடும் கார்களில் போட்டு மொத்தம் 11,500 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். அதில் தேய்ந்ததை வைத்து, முழுசாகத் தேய எவ்வளவு ஓடும் என்று நீட்டிக் கணக்குப் போட்டு, அளவுகோல் டயரை 100 என்று வைத்துக்கொண்டு எண் தருவார்கள். சோதனை செய்வதும் எண்ணை அச்சடிப்பதும் டயர் கம்பெனியேதான். கம்பெனி தனக்குக் கிடைத்த எண்ணைவிடக் குறைத்தும் போட்டுக்கொள்ளலாம். ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட அது ஓரளவு உதவும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, அதே கம்பெனியின் கப் 2 180, இதில் எது சீக்கிரம் போகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வேறு வேறு கம்பெனியின் 200ஐயும் 200ஐயும் தராசில் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. என்ற அமைப்பு நடத்தும் ஆட்டோகிராஸ் (கோன் வைத்த தடத்தில் நேரம் பார்த்து ஓட்டுவது) போட்டிகளில் சில பிரிவுகளுக்கு 200க்குக் குறைந்த எண் உள்ள டயரை அனுமதிப்பதில்லை. அப்புறம் பாருங்கள், ஒட்டும் டயர்கள் பலவற்றின் சுவரில் சரியாக 200 என்றே வந்து நிற்கிறது. என்ன தற்செயல்!

பக்கத்திலேயே ஏஏ, ஏ, பி என்று டிராக்ஷன் எழுத்தும் இருக்கும். அதைப் பார்த்து வளைவில் எப்படிப் பிடிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சோதனை நேர்க்கோட்டில், ஈரத் தார் மேலும் ஈரக் கான்கிரீட் மேலும், சக்கரத்தைப் பூட்டி இழுத்துப் பார்ப்பது. வளைவு அதில் இல்லவே இல்லை.

சரி, ஒட்டும் டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சின்ன வயதில் ரப்பர் மரத்துச் சிரட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நூலாக இழுத்துச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோமே, அது தரையில் போட்டால் தலைக்கு மேலே துள்ளும். கொடுத்த சக்தியை அப்படியே திருப்பித் தருகிற ரப்பர் அது. அதனால்தான் லாரி டயரின் தரை படும் பகுதிக்கு இயற்கை ரப்பரை நிறையச் சேர்க்கிறார்கள், சூடு குறைவு, கிழிபடாமல் தாங்கும். ஆனால் துள்ளுகிற ரப்பர் அவ்வளவாகப் பிடிக்காது. தாரின் சின்னச் சின்னக் கல் முனைகள் மேல் ரப்பர் அமுங்கி, அந்தச் சக்தியைத் திருப்பித் தராமல் தனக்குள்ளேயே சூடாக விழுங்கிக்கொள்ள வேண்டும், கிரிப்பில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. ஸ்போர்ட்ஸ் டயரின் மேல்பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பர், அதில் சிலிகா. 1990களின் தொடக்கத்தில் சிலிகா வந்த பிறகுதான் ஈரத்தில் பிடிக்கவும் வேண்டும், எரிபொருளும் மிச்சமாக வேண்டும் என்ற இரண்டு ஆசையும் ஓரளவு ஒன்றாக நிறைவேறியது. ஆனாலும் அமுங்குகிற ரப்பர் கிழியவும் செய்யும். எங்கள் தோட்டத்து ஷீட் மார்த்தாண்டத்தில் விலை போகாத வருஷத்தில், அப்பா இந்த டயர் விலையைக் கேட்டுவிட்டு "இதுல நம்ம ரப்பர் எவ்வளவு இருக்கு?" என்றார். டயரின் உள்கூட்டில் இருக்கும், தரையில் படுகிற இடத்தில் கொஞ்சம்தான் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாவது செட் வருவதற்கே ஐந்து வாரம் ஆனது. 2020 ஜூனிலிருந்து வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு, உரிமம் வேண்டும். இந்த மாதிரி அளவுகள் நம்ம நாட்டில் குவிந்து கிடப்பவையும் இல்லை. வந்ததும் முதலில் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பார்த்தேன், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், பின் இரண்டு இலக்கம் வருஷம். நாலும் ஒரே வருஷம், நல்லது. போர்ஷே சோதித்து ஒப்புக்கொண்ட டயரில் என்0, என்1 என்று ஒரு குறி இருக்கும், முதல் செட்டில் இருந்தது, இதில் இல்லை. அத்தானுக்கு அது தெரிந்தே வாங்கியது.

புதுப் பின் டயரை அளந்தால் 6.0 மில்லிமீட்டர். முதல் செட்டைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. கடையில் நின்ற எல்லோரும் இதைக் கண்டுகொள்ளாமல் ரப்பரை நகத்தால் கீறி "ஆஹா மெத்துன்னு இருக்கு" என்றார்கள். எனக்கு அந்த ஒன்றரைதான் கண்ணில் பட்டது. டிராக் டயரில் பட்டன் உயரமாக இருந்தால் வளைவில் அது வளைந்து சூடாகிக் கிழியும், அதனால் வேண்டுமென்றே குட்டையாக வைக்கிறார்கள். செலவழிக்க இருக்கிற ரப்பர் கணக்கு: முதல் செட்டில் 7.5இல் 1.6 போக 5.9. இதில் 6.0இல் 1.6 போக 4.4. ரப்பர் ஒரே வேகத்தில் தேய்ந்தால்கூட கால் பங்கு ஆயுசு வாங்கும்போதே இல்லை.

ஆர்மை மாற்றி, டோ சரிசெய்து, கேம்பரைத் தொடாமல் விட்டேன்.

கிரிப் எவ்வளவு என்று வாயால் சொன்னால் நம்பமாட்டேன். மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட்டில் நல்ல தார் ரோடு ஒன்று இருக்கிறது, விடியற்காலையில் ஆளும் கிடையாது ஆடும் கிடையாது. ஜி.பி.எஸ். கருவி வைத்து 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழு பிரேக், ஐந்து முறை, சராசரி. காய்ந்த தரையில் முதல் செட் (2,000 கிலோமீட்டர் ஓடியபோது எடுத்தது) 24.6 மீட்டர். இரண்டாவது செட் 1,000 கிலோமீட்டரில் 22.9. ஒன்றே முக்கால் மீட்டர், ஒரு ஸ்கூட்டர் நீளம். தண்ணி லாரி ஒன்றைக் கூப்பிட்டு ரோட்டை நனைத்துவிட்டு எடுத்தது: முதல் செட் 28.9, இரண்டாவது 29.4. ஈரத்தில் விலை உயர்ந்த ஒட்டும் டயருக்கு ஒரு லாபமும் இல்லை. லாரிக்காரர் என்னவென்று புரியாமல், "ரோட்டுக்கு எதுக்கு சார் தண்ணி விடுதிய, புழுதியே இல்லையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டும் டயர் குளிரில் கல் மாதிரி இருக்கும், சூடாகும் வரை நம்பக்கூடாது என்று ஐரோப்பாக்காரர்கள் எழுதுவது அங்கே சரி. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் வராது. இங்கே அந்த டயருக்கு எதிரி மழை. தென்மேற்கும் நமக்குத்தான், வடகிழக்கும் நமக்குத்தான். இடவப்பாதியில் (ஜூன் தொடக்கம்) ஆரம்பித்தால் கார்த்திகை வரை ரோடு காய்வதை எண்ணிச் சொல்லலாம்.

இரண்டாவது செட் 6,000 கிலோமீட்டரில் கழற்றப்பட்டது. வலது பின்: உள்ளே 2.9, நடு 3.0, வெளியே 2.7. பார்த்தவுடன் ஒன்று தெரியும். இந்தத் தடவை ஓரம் ஒன்று மட்டும் சாகவில்லை, மொத்தமாகத் தேய்ந்திருக்கிறது, அதிலும் வெளிவிளிம்பு முந்தியிருக்கிறது. ஏன்?

கோயம்புத்தூர். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அத்தான் இரண்டு தடவை போனார். சுற்று 2.1 கிலோமீட்டர், சின்ன டிராக், வளைவுதான் ஜாஸ்தி. ஒவ்வொரு தடவையும் டிராக்கில் ஓட்டியது சுமார் 90 கிலோமீட்டர். முதல் தடவை நானும் போனதால் இறங்குவதற்கு முன்னும் பின்னும் அளந்தேன்: வெளிவிளிம்பில் 0.7 மில்லிமீட்டர், நடுவில் 0.5, உள்ளே 0.3 காணவில்லை. இரண்டாம் தடவை அவரே அளந்து போனில் சொன்னார், ஏறக்குறைய அதே எண்கள். ஆக 180 கிலோமீட்டரில் வெளிவிளிம்பு 1.4 மில்லிமீட்டர் இழந்திருக்கிறது. மீதி 5,800 சொச்சம் கிலோமீட்டர் ரோட்டில் இழந்தது 1.9. வெளிவிளிம்புக்கு டிராக்கில் ஒரு கிலோமீட்டர் என்பது ரோட்டில் இருபதுக்கும் மேல்.

டிராக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ரோட்டில் உள்விளிம்பு ஆயிரத்துக்கு 0.43. குழியில் விழுவதற்கு முன் முதல் செட் 0.4. நான் இந்த இடத்தில் கொஞ்சம் அசந்துபோனேன். 300க்கும் 200க்கும் நடுவில் இவ்வளவுதான் வித்தியாசமா? இல்லை, அவசரப்படக்கூடாது. முதல் செட் பெரும்பாலும் ஓடியது மார்த்தாண்டம் நெரிசலிலும் பொன்முடி ஏற்றத்திலும், 22 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் அத்தான் வலது காலுக்கு வேலை கொடுப்பார். இரண்டாவது செட்டின் கிலோமீட்டரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து கோயம்புத்தூர் போய்வந்த ஹைவே, நேராக, ஒரே வேகத்தில், டயருக்கு அது ஓய்வு மாதிரி. சமமான ரோட்டில் ஓட்டியிருந்தால் 200இன் எண் இதைவிட மோசமாக வந்திருக்கும். எவ்வளவு மோசம் என்பதை இந்த ஒரு காரை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

வள்ளியூர் பக்கம் நடந்தது

இரண்டாவது டிராக் பயணத்துக்கு அத்தான் தனியாகப் போனார், ஐப்பசி. டிராக்கில் இறங்கும் முன் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று. ஏழெட்டுச் சுற்றில் டயர் சூடாகி 37க்குப் போய்விடும், உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறினால் கணக்குப்படியே அவ்வளவு வரும். நைட்ரஜன் போட்டால் ஏறாது என்பார்கள், அதுவும் வாயுதான், அதே மாதிரிதான் ஏறும். காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. ஈரம் இல்லாமல் இருப்பதுதான் அதில் கிடைக்கிற பலன். சரி, 37 அதிகம் என்பதால் டிராக்கில் எல்லோரும் செய்கிற மாதிரி சூட்டிலேயே 33க்கு இறக்கிவிட்டார். சரியான காரியம்தான். முதல் தடவை நான் கூட இருந்ததால் கிளம்பும் முன் திரும்ப அடித்தோம். இந்தத் தடவை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. டயர் ஆறினால் அந்த 33 என்பது 26. அதே காற்றோடு இரவெல்லாம் ஓட்டி, விடியும்போது வள்ளியூர் தாண்டி வந்திருக்கிறார். நல்ல மழை, ரோட்டோரத் தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, வேகம் 90.

"ஸ்டியரிங் கையில காலியா இருந்துச்சு மக்கா. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி எங்க போவுதுன்னு வண்டிக்கே தெரியல." கப்பல்காரர் இல்லையா, பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. மீடியன் செடியில் கண்ணாடி உரசியதோடு சரி.

இதில் இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. ஒன்று பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டர், தண்ணீரை வெளியே தள்ள வாய்க்காலே இல்லை, அதிலும் 265 மில்லிமீட்டர் அகலம், அகலமான டயருக்கு முன்னால் தண்ணீர் ஒதுங்க வழி குறைவு. இன்னொன்று காற்று. விமான டயர்கள் ஓடுபாதையில் தண்ணீர்மேல் மிதப்பதைப் பற்றி நாசா 1960களில் ஆராய்ந்து ஒரு வாய்ப்பாடு சொன்னது, மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும் இறங்கும். அதன்படி 33 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு சுமார் 96 கிலோமீட்டர், 26க்கு 85. பட்டனை மூழ்கடிக்கிற அளவு தண்ணீர் இருந்தால்தான் இது பொருந்தும், கார் டயருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் அவர் போன 90, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. குறைந்த காற்றோடு 400 கிலோமீட்டருக்கு மேல் வந்ததில் இரண்டு ஓரமும் கூடுதலாக உரசியிருக்கும், ஆகவே மேலே சொன்ன 0.43இல் அந்தப் பங்கும் இருக்கிறது.

வந்த அடுத்த நாளே லேஅவுட்டில் திரும்ப அளந்தோம், காற்றைச் சரியாக அடித்துவிட்டு. காய்ந்த தரை: 23.6 மீட்டர். டிராக்கில் பலமுறை சூடாகி ஆறி ரப்பர் கொஞ்சம் இறுகியிருக்கிறது, ஆனாலும் புதிதாக இருந்த முதல் செட்டைவிட இதுதான் மேல். நனைந்த தரை: 34 மீட்டர். புதிதில் 29.4 இருந்தது. இத்தனைக்கும் லாரித் தண்ணீர் ரோட்டில் தேங்கி நிற்பதில்லை, மெல்லிய படலம்தான். சட்டப்படி அந்த டயரில் இன்னும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பாக்கி. அத்தான் "இன்னும் ரெண்டாயிரம் ஓட்டலாமே" என்றார். நான் ஜாக்கை ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் கணக்கு போடும் முறையே மாறியது. இந்த மாவட்டத்தில், இந்த அகல டயரில், 1.6 வரை கணக்குப் போடுவதே வீண். மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் கடைசி. அப்படி வைத்தால் முதல் செட்டில் செலவழிக்கத் தக்கது 4.5, ஆயிரத்துக்கு 0.4 வீதம் 11,000 கிலோமீட்டர் சொச்சம். இரண்டாவதில் 3.0 மட்டும், 0.43 வீதம், டிராக்குக்குப் போகாமல் இருந்தால் 7,000. 1.6 வரை கணக்குப் போட்டால் இரண்டாவது செட் முதல் செட்டின் எழுபது சதவீதம் ஓடும், 3 வரை போட்டால் அறுபது சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. பட்டன் குட்டையான டயரை மழை இப்படித்தான் அடிக்கும். அமெரிக்கச் சுவர் எண்ணில் இது எதுவும் எழுதியிருக்காது. ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிப்பு, உருளும் தடை, சத்தம் மூன்றும் உண்டு. ஆயுசு அதில் இல்லை, புதிய டயரின் ஈரப்பிடிப்புதான் அங்கே அளக்கப்படுகிறது, தேய்ந்ததன் கதை வேறு.

முன் டயர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எஞ்சின் பாரம் பின்னால், இழுப்பதும் பின் சக்கரம், அதனால் இரண்டு செட்டிலும் முன் டயர் பின்னதில் பாதி வேகத்தில்கூடத் தேயவில்லை. ஆனால் பின்னால் ஒரு ரகம், முன்னால் வேறு ரகம் என்று கலந்து போட்டு மிச்சம் பிடிக்க இந்தக் காரில் நான் சம்மதிக்க மாட்டேன். முன்பக்கம் ஒட்டிப் பின்பக்கம் வழுக்கினால் வளைவில் முதுகு முன்னால் வந்துவிடும்.

அத்தானுக்கு இன்னும் ஒட்டும் டயர்மேல் ஆசை விடவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "அந்த 22.9 மீட்டர் மறக்க முடியல மக்கா" என்பார். நான் குறுக்கே நிற்கவில்லை. டிராக்குக்குத் தனியாக நாலு ரிம் வாங்கி, அதில் அந்த டயரைப் போட்டு, போகிற அன்றைக்கு மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு அக்கா என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

இப்போது மூன்றாவது செட் ஏறியிருக்கிறது. திரும்ப 300 ரகம், போர்ஷேயின் அந்த 'என்' எழுத்துக் குறியோடு. அத்தான் போன வாரம் கொச்சியில் கப்பல் ஏறிவிட்டார், கார் ஷெட்டில். ஆறு மாதம் ஒரே இடத்தில் நின்றால் டயர் அடியில் தட்டையாகிவிடும் என்பதால், காற்றைக் கொஞ்சம் கூட்டி அடித்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய் அரைச் சுற்று நகர்த்தி வைக்கிறேன். நோட்டில் புதுப் பக்கம்: வலது பின், 60 கி.மீ., உள்ளே 7.5, நடு 7.5, வெளியே 7.5. டோ 0.1 உள்ளே. ஸ்டியரிங் நேர்.